டல்சி யாரைப் பார்த்துக் குரைக்கிறாள்

மிண்டாரா
14 அக்டோபர் 2012

ரோவீனா,

போன் செய்தால் எடுக்க மாட்டாய். கதவைத் தட்டினால் வீட்டில் ஆள் இல்லாதது போல இருப்பாய். எதிரெதிர்ப் பண்ணையில் இருந்துகொண்டு, கூடப் பிறந்தவன் சாலையைக் கடந்து வந்து நீ கேட்டில் தபால் பெட்டியாக வைத்திருக்கும் டிரம்மில் கடிதம் போட வேண்டியிருக்கிறது. ஸ்டாம்ப் ஒட்டவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை உன் மகள் ஹேசல் சொல்லி மட்டும்தான் நீ கேட்டிருக்கிறாய். என் பக்கத்தையும் கேள். நான் ஓட்டும் பள்ளி பஸ் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஹேசலின் காலடியில் படுத்திருக்க வேண்டிய டல்சி எழுந்து நடுவழியே வந்து, என் தொடையில் முன்னங்காலைத் தூக்கி வைத்து, முகத்துக்கு நேரே குரைக்கிறாள். பின்னால் பிள்ளைகள் எல்லோரும் கத்துகிறார்கள். ஹேசலுக்கு வலிப்பு வரப்போகிறதா என்றால் அதுவும் இல்லை, அவள் பாட்டுக்கு ஆப்பிள் கடித்துக்கொண்டிருக்கிறாள். இப்படி நடப்பது முதல் தடவையும் இல்லை. ஓரமாக நிறுத்தி, "நாளையிலிருந்து டல்சி பஸ்ல வேண்டாம்டா கண்ணு" என்றேன். வேறு எந்த டிரைவராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான்.

காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். இந்த நாயை வாங்கக் காசு திரட்டச் சாசேஜ் சுட்டு விற்றவன் யார்? ஒன்றரை வருடம், சனிக்கிழமை தவறாமல், இரும்புக்கடை வாசலில் புகையில் நின்றவன் யார்? வெள்ளிக்கிழமை தோறும் மதுக்கடையில் பரிசு இறைச்சித் தட்டைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகக் குலுக்கல் சீட்டு விற்றவன் யார்? எனக்குள்ளேயே ஆட்டுக்கறி வாசனை ஊறிப் போயிருக்கும். டல்சியின் மேலங்கியில் "தொடாதீர்கள்" என்று எழுதியிருந்தும் ஊரே அவளைத் தடவுகிறது, ஊரே தீனி போடுகிறது. அதனால்தான் சாசேஜ்காரனைக் கண்டதும் எழுந்து வருகிறாள். இதில் என் மேல் உனக்கு என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

வா, பேசுவோம்.

வாரன்


16 அக்டோபர்

வாரன்,

நீ சாசேஜ் சுட்டதை நான் மறக்கவில்லை. மறக்க நீ எங்கே விட்டாய்? ஒரு நல்ல கார் வாங்கும் காசை இந்தக் குட்டி ஊரிலிருந்து பிடுங்கி எடுத்தாய். உன் தாடியை மழிக்கும் உரிமையைக்கூட ஏலத்துக்கு விட்டாய். எல்லாம் என் மகளுக்காக. அதற்காக உன் காலைத் தொட்டுக் கும்பிடலாம். அந்தக் கையாலேயே டல்சியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டாய், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

டல்சி இல்லாமல் ஹேசலைப் பஸ்ஸில் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. நானே காரில் கொண்டுவிடுகிறேன். முதியோர் இல்லச் சமையலறைக்குத் தினமும் தாமதம். மேற்பார்வைக்காரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். இந்த வேலையும் போனால், சுரங்க வேலைக்குப் போன ஹேசலின் அப்பா கிரெக் அங்கேயிருந்து அனுப்பும் காசில் நாங்கள் சாப்பிட வேண்டும். அவன் அனுப்புவது உனக்கே தெரியும்.

ஊர் வேறு தலையைத் தின்கிறது. குலுக்கல் சீட்டு வாங்கியவர்கள் எல்லோரும் டல்சிக்குப் பங்குதாரர்கள் ஆகிவிட்டார்கள். நேற்று கடையில் ட்ரெவர் பாஸ்கோ, அதுதான் உங்கள் நிதிக் குழுத் தலைவர், அவளைக் காதைப் பிடித்துக் கொஞ்சிக்கொண்டே சொல்கிறார்: "நான் வாங்கின சீட்டுக்கு இவ வாலாவது எனக்குச் சேரணும்ல? என்னம்மா, நாய் சரியில்லையாமே? வாரன் சொல்றான். சரியில்லாத சாமானை யாராவது வச்சிருப்பாங்களா, திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதான்."

அவள் சாமான் இல்லை. வந்ததிலிருந்து ஹேசலுக்கு வந்த ஒவ்வொரு வலிப்பையும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறாள். முதலில் முழங்காலில் கால் வைப்பாள். கவனிக்காவிட்டால் குரைப்பாள். நான் குழந்தையைக் கீழே படுக்கவைத்துத் தலையணை வைக்க நேரம் கிடைக்கும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

நானும் தினமும் இறைச்சியில்தான் கை வைக்கிறேன். என் மடியில் அவள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. உன் சாசேஜ் கதையை வேறு யாரிடமாவது சொல்.

ரோவீனா


21 அக்டோபர்

ரோ,

சரி, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மதுக்கடையில் விளையாட்டாகத்தான் சொன்னேன், "ஊரே சேர்ந்து ஒரு ஓட்டை நாயை வாங்கிட்டோம்டா" என்று. எல்லோரும் சிரித்தார்கள். ட்ரெவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே பயிற்சி நிலையத்துக்கு எழுதிவிட்டார். அங்கேயிருந்து பதிலும் வந்துவிட்டது: நாய் கவனம் சிதறுகிறது என்றால் திரும்ப அனுப்புங்கள், மறுபடி பழக்குகிறோம், முடியாவிட்டால் வேறு நாய் தருகிறோம், ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும். நவம்பர் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, டல்சியைப் பழக்கிய அந்தக் கெரின் அவளை ஏற்றிப்போக வண்டி எடுத்துக்கொண்டு வருகிறாளாம்.

இதை நான் கேட்கவில்லை. நம்பு.

எனக்கும் காலம் சரியில்லை. போன புதன்கிழமை வண்டியை வேலியில் விட்டுவிட்டேன். கங்காரு குறுக்கே வந்திருக்க வேண்டும். நான் அதைப் பார்க்கக்கூட இல்லை, கண்ணைத் திறந்தால் கம்பி கண்ணாடியில் சுற்றிக் கிடக்கிறது. நெற்றியில் ஒரு புடைப்பு, வேறொன்றும் இல்லை. அறுவடைக்கு முன்னால் தூக்கம் கெட்டுப்போகிறது. காலையில் எழுந்தால் நாக்கு ஓரத்தில் கடிபட்டுப் புண்ணாக இருக்கிறது, உடம்பு முழுக்க யாரோ அடித்துப் போட்டது போல வலி. தனியாக இருப்பவனுக்கு வயது சீக்கிரம் வந்துவிடுகிறது போல.

உன் வேலை போக வேண்டாம். ஹேசலைப் பஸ்ஸில் அனுப்பு. எனக்கு நேர் பின்னால் உட்காரவைத்துக்கொள்கிறேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்துகொண்டே இருக்கும். என்னைவிட நல்ல கண்காணிப்பு எந்த நாயும் செய்யாது.

வாரன்


27 அக்டோபர்

வாரன்,

வேறு வழியில்லாமல் இந்த வாரம் ஹேசலை உன் பஸ்ஸில் அனுப்பினேன். அவள் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தாள், அதற்கு நன்றி. டல்சி பகல் முழுக்க வாசலில் கிடந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். சண்டைக்காக இல்லை.

வியாழக்கிழமை சாப்பிடும்போது ஹேசல் சொன்னாள்: "அம்மா, வாரன் மாமா சிலை விளையாட்டுல யாராலும் ஜெயிக்க முடியாதும்மா. கண்ணுகூடச் சிமிட்ட மாட்டார். நாங்க எல்லாரும் முகத்தைக் கோணிக் கோணிக் காட்டினோம், அப்பவும் சிரிக்கவே இல்ல. வாய் மட்டும் எதையோ மெல்லுற மாதிரி அசைஞ்சுது." எங்கே விளையாடினீர்கள் என்று கேட்டேன். "ரயில் பாதையில. பஸ் அதுமேல நின்னுச்சா, அப்போ."

தண்டவாளத்தின் மேலா? "ஆமாம்மா, அப்புறம் மாமா 'யாரு வண்டியை நிறுத்தச் சொன்னா?'ன்னு கேட்டுட்டு ஓட்டினார். எல்லாரும் சிரிச்சோம்."

நீ பிள்ளைகளோடு விளையாடுவாய் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உன் பஸ் என்றால் அவர்கள் உயிரை விடுகிறார்கள். ஆனால் அந்த இடத்தில் தடுப்புக்கூடக் கிடையாது. கோதுமை ரயில் இப்போது இல்லை என்றாலும் இன்னும் இரண்டு வாரத்தில் ஓடத் தொடங்கிவிடும். அங்கே விளையாட்டு வேண்டாம், தயவுசெய்து.

ரோவீனா


30 அக்டோபர்

ரோ,

என்ன சிலை விளையாட்டு?

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஹேசல் ஏதோ கதை விடுகிறாள் என்று நினைத்தேன். ரயில் பாதையில் நான் எப்போதும் செய்வது ஒன்றுதான்: நிறுத்துவேன், இரண்டு பக்கமும் பார்ப்பேன், கடப்பேன். பாதைக்கு முன்னால் நிறுத்துவேன். அதன் மேல் நிறுத்த நான் என்ன பைத்தியமா?

நேற்றுப் பிள்ளைகளிடம் சும்மா கேட்டேன். "யாருடா சிலை விளையாட்டுல கெட்டிக்காரன்?" எல்லோரும் ஒரே குரலில், "நீங்கதான்!" என்றார்கள். ட்ரெவரின் பேத்தி சொல்கிறாள்: "முன்னாடியும் விளையாடினீங்களே, எங்க வீட்டு கேட்ல. நான் இறங்கணும்னு நிக்கிறேன், நீங்க கதவையே திறக்கல." அவள் அண்ணன், "டல்சி வந்து குரைச்சா அப்புறம் சீக்கிரமே ஆரம்பிச்சுடுவார்" என்கிறான். அதற்கும் ஒரு சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை நான் உன்னிடம் சொல்வது நீ என் தங்கை என்பதால். அறுவடைக் கவலையில் யோசனை எங்கோ போயிருக்கும். எல்லோருக்கும் நடப்பதுதான். பஸ் இந்த வாரக் கடைசியில் பட்டறைக்குப் போகிறது, அடுத்த வாரம் முழுக்கப் பக்கத்து ஊர் பஸ்தான் வரும். நான் நன்றாகத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமை மறுபடி ஓட்டுவேன்.

யாரிடமும் சொல்லாதே. குறிப்பாக ட்ரெவரிடம்.

வாரன்


4 நவம்பர்

வாரன்,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஹேசலுக்கு முதன்முதலில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார். அவள் கீழே விழவில்லை, துடிக்கவில்லை. சோறு ஊட்டும்போது பாதியில் நின்றுபோவாள். கண் திறந்தபடி இருக்கும், வாய் மெல்லும். கூப்பிட்டால் கேட்காது. பிறகு ஒன்றுமே நடக்காதது போல, "அடுத்த வாய் எங்கே?" என்பாள். குறும்பு செய்கிறாள் என்று நான் ஒரு முறை அடித்துக்கூட இருக்கிறேன். அப்புறம்தான் படுக்கையில் பெரிய வலிப்பு வந்தது. காலையில் நாக்கில் இரத்தம்.

உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். நாக்கு. வேலி. நீ பார்க்காத கங்காரு. நீ விளையாடாத விளையாட்டு.

கெரினுக்குப் போன் செய்தேன். டல்சி உன்னிடம் மட்டும்தான் போகிறாள் என்றேன். எத்தனை தடவை, எப்போதெல்லாம் என்று கேட்டாள். பிறகு, "ரோவீனா, எல்லா நாயும் இப்படிச் செய்யாது, நான் டாக்டரும் இல்ல. ஆனா இவளுக்குத் தெரிஞ்சது ஒரு வாசனைதான். அது யார்கிட்டேயிருந்து வந்தாலும் சொல்லிடுவா. குழந்தை யாரு, டிரைவர் யாருன்னு அவளுக்கு நாங்க பழக்கல. உங்க அண்ணனை முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

ஊரே சேர்ந்து ஒரு நாயை வாங்கிவிட்டு, அது வேலை செய்கிறபோது பழுது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் வாரன். அதிகம் சொன்னவன் நீ.

டாக்டரிடம் போ. நான் கூட வருகிறேன். ஹேசலை இனி உன் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன், அது முடிந்துபோன பேச்சு. ஆனால் மற்ற பிள்ளைகள்? பன்னிரண்டாம் தேதி, நீ மறுபடி ஓட்டும் அன்றுதான், முதல் கோதுமை ரயிலும் வருகிறது. அதற்குள் நீ பள்ளியில் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன்.

உன் ரோ


7 நவம்பர்

ரோவீனா,

நன்றாக இருக்கிறது. மகளுக்கு இருப்பது எனக்கும் இருக்க வேண்டும் என்று உனக்கு ஆசையா? வீட்டில் ஒரு நோயாளி போதாதா?

இதை எழுதிய பிறகு கோடு போட்டு அடித்துவிட நினைத்தேன். அடிக்கவில்லை, எனக்கு அவ்வளவு கோபம்.

டாக்டரிடம் போனால் அவன் முதலில் பிடுங்குவது லைசென்ஸை. பஸ் போகும். சரி, போகட்டும். லாரி போகும். தானியத்தைக் கிடங்குக்கு யார் கொண்டுபோவது? ஆட்டுக்குத் தண்ணீர் பார்க்க, மருந்து வாங்க, ரொட்டி வாங்க, எதற்கும் இந்த ஊரில் வண்டி வேண்டும். வண்டி ஓட்டாத ஆம்பளைக்கு இங்கே என்ன மரியாதை என்று உனக்குத் தெரியாதா? யாராவது வந்து ஏற்றிக்கொண்டு போக மாட்டார்களா என்று கேட்டில் நிற்க வேண்டும். பண்ணையை விற்றுவிட்டு உன் முதியோர் இல்லத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன், நீயே கஞ்சி ஊற்று.

ஒரு நாயின் பேச்சைக் கேட்டு என் வாழ்க்கையை மூடச் சொல்கிறாய்.

சரி. நாயையே கேட்போம். சனிக்கிழமை மத்தியானம் டல்சியை என்னிடம் அனுப்பு. நான் சோப்புப் போட்டுக் குளிப்பேன். துவைத்த துணி உடுத்துவேன். இரண்டு நாள் முன்பே வீட்டிலிருந்து இறைச்சியை எல்லாம் எடுத்துவிடுவேன், முட்டையும் ரொட்டியும்தான். சாயங்காலம் வரை அவள் என்னோடு இருக்கட்டும். அவள் பேசாமல் படுத்திருந்தால் நீ வாயை மூடிக்கொள்ள வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கெரின் நாயை ஏற்றிக்கொண்டு போவாள். என்மேல் கால் வைத்தால் நீ சொல்வதைக் கேட்கிறேன்.

சம்மதமா?

வாரன்


9 நவம்பர்

வாரன்,

சம்மதம் இல்லை. ஆனாலும் அனுப்புகிறேன், உன்னைக் கேட்கவைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒன்றைத் தெரிந்துகொள்: ஒரு மத்தியானம் அவள் சும்மா படுத்திருந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. ஹேசலுக்கும் தினமும் வருவதில்லை. அவள் படுத்திருந்தாலும் நான் பள்ளிக்குப் போன் செய்யத்தான் போகிறேன். இதை மறைத்துவிட்டு உன்னை ஏமாற்ற எனக்கு மனசில்லை.

நாளைக்கு டல்சி உன் வீட்டில் இருக்கும் நேரம் முழுவதும் ஹேசலுக்கு நான்தான் நாய். அவளை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். அதனால் நான் அங்கே வர முடியாது, நீ கூப்பிட்டாலும் உடனே வர முடியாது. அதுதான் ரொம்பப் பயமாக இருக்கிறது. அடுப்பைப் பற்றவைக்காதே. குளியல் தொட்டியில் இறங்காதே. அவள் கால் வைத்தால் தரையில் படுத்துக்கொள். வீம்புக்கு நிற்காதே.

ஹேசலிடம், "டல்சி மாமா வீட்டுக்கு விருந்தாளியாப் போறா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமாவுக்கும் வருமா அம்மா?" என்று கேட்டாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, சத்தியமாக. "வந்தா பயப்பட வேண்டாம்னு சொல்லும்மா. எனக்கு ஒண்ணுமே தெரியாது, முழிச்சா எல்லாரும் என்னைப் பார்த்துட்டு இருப்பீங்க, அதுதான் கஷ்டம். மாமாவை யாரும் பார்க்காதீங்க."

ரோ


10 நவம்பர், சனி

ரோ,

நீ சொன்னபடி அடுப்புப் பக்கம் போகாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதுகிறேன். மத்தியான வெயில் நல்ல காட்டமாக இருக்கிறது. டல்சி வந்ததும் வீட்டைச் சுற்றி மோந்து பார்த்தாள், ஒரு கிண்ணம் தண்ணீர் குடித்தாள், மேஜைக்கு அடியில் படுத்துவிட்டாள். என்மேல் சோப்பு வாசனைதான் மணக்கிறது. வீட்டில் ஒரு எலும்புத் துண்டுகூட இல்லை.

இப்போது ரொம்ப நேரமாகிவிட்டது. தூங்குகிறாள். குறட்டை வேறு. உன் ஆபத்தான நாயைப் பார்க்க வேண்டும் நீ. ரேடியோவில் கிரிக்கெட் வைத்தேன், அதற்கும் அசையவில்லை. சாசேஜ்தான் என்று நான் முதலிலேயே சொன்னேனா இல்லையா? நாளைக்கு கெரினிடம் நானே பேசுகிறேன், ஊர்க்காரர்கள் தீனி போட்டுக் கெடுத்துவிட்டார்கள், நாய் மேல் குற்றம் இல்லை என்று. ட்ரெவரையும் சமாதானப்படுத்திவிடலாம். திங்கட்கிழமை

எழுந்துவிட்டாள். தண்ணீருக்காக இருக்கும்.

தண்ணீர் இல்லை. முழங்காலில் கால் வைக்கிறாள். தள்ளிவிட்டேன். மறுபடி வைக்கிறாள். கையை மோந்து பார்க்கக் கொடுத்தேன், ஒன்றும் இல்லை பார் என்று. கையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்க்கிறாள். குரைக்கிறாள். எனக்கு ஒன்றும் இல்லை ரோ. நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன், தெளிவாகத்தான் எழுதுகிறேன், எழுதுகிறேன், எழுதுகிறே


ரோ. சாயங்காலம் ஆகிவிட்டது.

மேலே கடைசி வரி என் கையெழுத்துதான். அதை எழுதியது எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. டல்சி என் நெஞ்சோடு ஒட்டி நீட்டிப் படுத்திருந்தாள், ஹேசலிடம் படுப்பதைப் போல. வாயில் இரத்தம். கால்சட்டை நனைந்திருந்தது. கிரிக்கெட் முடிந்துபோய் ரேடியோவில் யாரோ ஆட்டு விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் போன நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

ரொம்ப நேரம் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். தண்டவாளத்தின் மேல் பஸ் நிற்கிறது. பின்னால் எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்து முகத்தைக் கோணிக் கோணிக் காட்டிச் சிரிக்கிறார்கள். அதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

பஸ் சாவி, லாரிச் சாவி, என் வண்டிச் சாவி, மூன்றையும் டல்சியின் மேலங்கிப் பையில் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அதிலேயே திணிக்கிறேன். சாலையில் வண்டி எதுவும் இல்லை, கேட்டைத் திறந்துவிட்டால் நேராக ஹேசலிடம் ஓடி வந்துவிடுவாள். நாளைக்கு கெரின் வந்தால் டல்சியை ஏற்றிவிடாதே. ட்ரெவர் கேட்டால் என்னிடம் அனுப்பு.

இன்னொன்று. இப்போது உடம்பு முழுக்க வலிக்கிறது, அதனால் புத்தி தெளிவாக இருக்கிறது. நாளைக்கு வலி போய்விடும். தூங்கி எழுந்தால் இது ஒரு தடவைதான், இனி வராது என்று தோன்ற ஆரம்பிக்கும். எனக்கு என்னைத் தெரியும். முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, சிரித்தபடி உன் வாசலுக்கு வந்து சாவியைக் கேட்பேன். நியாயமாகத்தான் பேசுவேன், அறுவடையைச் சொல்வேன், நான் உனக்குச் செய்ததை எல்லாம் சொல்லிக் காட்டுவேன். ஹேசலைக்கூடத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்பேன்.

கொடுத்துவிடாதே.

வாரன்